கொட்டகையின் தரையும் கழகத்தின் கூரையும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

 

இந்த விழாவில் கல்வியைப் பற்றியும் வேலைவாய்ப்பைப் பற்றியும் அறிஞர்கள் பேசியிருக்கிறார்கள். எனக்குத் தரப்பட்ட தலைப்போ சினிமாக் கொட்டகை! கல்விக் கழகத்தின் மேடையில் கொட்டகைக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். நம் பாட்டன்மார் முதன்முதலில் பிறரோடு சரிசமமாக ஒரே கூரையின்கீழ் அமர்ந்த இடம் எது என்று எண்ணிப் பாருங்கள். கோயிலா? பள்ளிக்கூடமா? ஊர்ச் சாவடியா? இவை எவையும் அல்ல. பெரும்பாலான ஊர்களில் அது சினிமாக் கொட்டகையே. அந்தக் கட்டடம் நமக்கு எதைத் தந்தது, எதைத் தரவில்லை என்று கணக்குப் பார்ப்பது நம் கழகத்துக்குப் பொருத்தமான வேலையே ஆகும்.

கொட்டகைக்கு முன்பும் நம் நாட்டில் கலை இருந்தது. தெருக்கூத்து இருந்தது, கோயில் திருவிழாவில் சதிரும் நாடகமும் இருந்தன. ஆனால் அவற்றைப் பார்க்க அமரும் இடத்தை ஊர் முறை வகுத்து வைத்திருந்தது. கூத்து யாருடைய தெருவில் நடக்கிறதோ, அந்தத் தெருவுக்குள் நுழைய உரிமை உள்ளவரே அருகில் அமரலாம். மற்றவர் எட்ட நின்று காண வேண்டும். பறையடித்துக் கூத்தைத் தொடங்கி வைத்தவன், அதை உட்கார்ந்து பார்க்க முடியாத காலம் அது. திரையரங்கு இந்த முறையை உடைத்தது என்பதை யாழ்ப்பாணத்துப் பேராசிரியர் கா. சிவத்தம்பி 1981-இல் தாம் எழுதிய ஆங்கில நூலில் எடுத்துக்காட்டினார். தமிழர் எல்லாரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து பார்த்த முதல் கலைக்கூடம் திரையரங்கே என்பதும், அங்கே இருக்கையைத் தீர்மானித்தது பிறப்பன்று, கையிலிருந்த காசே என்பதும் அவர் கண்ட முடிவு.

இந்த மாற்றம் நமக்கு அண்டையிலுள்ள திருச்சியில்தான் விதை ஊன்றியது என்பது நம் இளைஞர் பலருக்குத் தெரியாது. கோயம்புத்தூரில் 1883-இல் பிறந்த சாமிக்கண்ணு வின்சென்ட் என்பவர், திருச்சியில் தென்னிந்திய ரயில்வேயில் சிறு சம்பளத்தில் வேலை பார்த்து வந்தார். 1905-ஆம் ஆண்டில் துய்பான் என்ற பிரெஞ்சுக்காரர் படம் காட்டும் கருவியுடன் திருச்சிக்கு வந்து, உடல்நலம் குன்றித் தம் நாட்டுக்குத் திரும்ப விரும்பினார். வின்சென்ட் பெரும்பாடுபட்டுப் பணம் திரட்டி, அக்கருவியையும் ஏசுநாதர் வாழ்க்கையைக் காட்டும் படம் முதலியவற்றையும் அவரிடமிருந்து வாங்கினார். வேலையை விட்டார்; கூடாரம் அடித்து ஊர் ஊராகப் படம் காட்டினார். தென்னாடு முழுவதும் சுற்றி, வடக்கே பெஷாவர் வரையிலும், கிழக்கே பர்மா, மலேயா வரையிலும் அவர் கருவி சென்றது. 1914-இல் கோவையில் 'வெரைட்டி ஹால்' என்ற நிலையான அரங்கை எழுப்பினார். மின்சாரம் பரவலாக வராத அந்நாளில் எந்திரம் வைத்துத் தாமே மின்சாரம் உண்டாக்கிப் படம் ஓட்டினார்.

வின்சென்ட் சாதி ஒழிப்புக்காகக் கொட்டகை கட்டினார் என்று நான் சொல்ல வரவில்லை. தொழிலின் இயல்பே அவ்வேலையைச் செய்தது. பத்துப் பேர் பார்த்தாலும் ஆயிரம் பேர் பார்த்தாலும் படச்சுருளுக்கு வாடகை ஒன்றுதான். எந்திரத்துக்கு எண்ணெய்ச் செலவும் ஒன்றுதான். தரையில் ஒரு முழம் காலியாகக் கிடந்தாலும் அது முதலாளிக்கு நட்டம். ஆகவே டிக்கெட்டு கொடுப்பவர் "எந்தத் தெரு?" என்று கேட்கவில்லை, "எத்தனை டிக்கெட்டு?" என்றே கேட்டார். ஆயிரம் ஆண்டுகளாகத் தரும நூல்களும் நீதி நூல்களும் செய்ய மறுத்ததை, நட்டத்துக்கு அஞ்சிய ஒரு வாணிபம் செய்துவிட்டது!

இதில் அடங்கிய வேடிக்கையையும் கேளுங்கள். 1935-இல் 'பக்த நந்தனார்' என்ற பேசும் படம் வந்தது. கே. பி. சுந்தராம்பாள் அம்மையார் நந்தனாராக நடித்தார். அதற்காக அவர் பெற்ற ஊதியம் ஒரு லட்சம் ரூபாய் என்பது அந்நாளில் நாடெங்கும் பேசப்பட்டது. தில்லைக்குச் செல்ல ஏங்கி, ஆண்டையிடம் அனுமதி கேட்டு நிற்கும் நந்தனை, காசு கொடுத்து உள்ளே வந்த நம் மக்கள் தரையில் அமர்ந்து பார்த்தார்கள். திரையில் தெரிந்த கோயிலைப் பார்க்க அவர்களுக்கு உரிமை இருந்தது. கல்லால் கட்டிய கோயிலில் கால் வைக்க உரிமை இல்லை. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நம் மக்கள் நுழைந்தது 1939 ஜூலை 8-ஆம் நாளில்தான். மாகாணம் முழுமைக்கும் கோயில் நுழைவு உரிமைச் சட்டம் வந்தது 1947-இல்தான். நந்தனாரின் கதையை அதே நந்தனாரின் நிலையிலேயே இருந்து பார்த்த தலைமுறை அது.

நம் குளத்தூர்ப் பகுதியின் நிலையை இங்கே தனியே நினைவூட்ட வேண்டும். ஒரு காலத்தில் குளத்தூர்த் தொண்டைமான்கள் ஆண்ட சீமை இது. பின்னர்ப் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தோடு இணைந்தது. 1924-ஆம் ஆண்டில் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் சென்னைச் சட்டசபையில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், பொதுமக்கள் கூடும் இடம் ஆகியவற்றை எந்த வகுப்பினரும் பயன்படுத்தத் தடையில்லை என்பதே அதன் சாரம். சபை அதை ஏற்றது. அரசு ஆணையும் வந்தது. ஆனால் அது சென்னை மாகாணத்தின் ஆணை. சமஸ்தான எல்லைக் கல்லோடு அதன் கை நின்றுவிட்டது. திருச்சியில் செல்லுபடியான உரிமை, சில மைல் தெற்கே வந்தால் வெறும் செய்தி. 1948 மார்ச் 3-ஆம் நாள் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தோடு இணைந்து திருச்சி மாவட்டத்தின் பகுதியான பிறகே, இரு பக்கத்துக்கும் சட்டம் ஒன்றாயிற்று. புதுக்கோட்டை தனி மாவட்டமானது 1974-இல்.

சட்டம் வருமுன் இந்தச் சீமைக்குள் வந்தது சினிமா. 1929-இல் திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்கு இருப்புப்பாதை போடப்பட்ட பின், படப்பெட்டி வந்து சேர்வதும் எளிதாயிற்று. அதுமட்டுமா? திரையில் தோன்றிய மாபெரும் நடிகர் ஒருவரே நம் புதுக்கோட்டைக்காரர். 1916-இல் பிறந்த பி. யு. சின்னப்பா அவர்களை நம் முதியோர் இன்றும் மறக்கவில்லை. 'உத்தம புத்திரன்', 'கண்ணகி', 'ஜகதலப் பிரதாபன்' என்று அவர் நடித்த படங்களின் வரிசை பெரிது. 1951-இல், முப்பத்தைந்து வயதிலேயே அவர் மறைந்தார். அவர் நடித்த படங்களுள் நாம் தனித்து எண்ணத்தக்கது 1941-இல் வந்த 'ஆரியமாலா'. அதில் அவர் ஏற்றது காத்தவராயன் வேடம். சேரியில் வளர்ந்து, அந்தணர் வீட்டுப் பெண்ணை விரும்பி, அதற்காகக் கழுமரம் ஏறிய காத்தவராயனை நம் மக்கள் தெய்வமாக வணங்கி வருகிறார்கள். நம் தெருவோரப் பீடத்தில் மட்டும் இருந்த அவன், அரண்மனை ஊரில் பிறந்த நடிகரின் முகத்தோடு வெள்ளித் திரையில் எழுந்து நின்றான். பிற தெருக்காரரும் காசு கொடுத்து வந்து அவனைப் பார்த்தார்கள். தெய்வப் பிறப்பென்றும் சாபமென்றும் கதைக்கு எத்தனை பூச்சுப் பூசினாலும், கழுமரம் ஏன் நடப்பட்டது என்பதை எந்தப் பூச்சும் மறைக்கவில்லை.

இனி என் சிறு வயதுக்கு வருகிறேன். நான் அறிந்தது நகரத்து அரங்கன்று. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளில் ஊர்ப்புறத்தில் நின்ற டூரிங் டாக்கீஸ். கீற்றுக் கூரை, மணல் தரை, ஆண் பக்கத்தையும் பெண் பக்கத்தையும் பிரிக்கும் இடுப்பளவுச் சுவர். தரைக்குப் பின்னால் பெஞ்சு, அதற்கும் பின்னால் நாற்காலி. பக்கம் திறந்த கொட்டகையாதலால் இருட்டிய பிறகே ஆட்டம். ஒலிபெருக்கியில் பாட்டு நின்றதென்றால் படம் தொடங்கப் போகிறது என்று பொருள். அதைக் கேட்டு, களத்து மேட்டிலிருந்து ஓடி வருவோம். அந்த ஒலிபெருக்கி மேலத் தெருவுக்கு ஒரு பாட்டு, நம் தெருவுக்கு ஒரு பாட்டு என்று பாடியதில்லை.

தரை டிக்கெட்டில் அமர்வோர் மணலைக் குவித்து மேடாக்கி அதன்மேல் உட்காருவது வழக்கம். முதலில் வந்தவருக்கு உயர்ந்த மேடு. ஒருநாள் என் முன்னே அமர்ந்திருந்த தோழன் ஒருவன் ஒரு சாண் உயரத்துக்கு மேடு கட்டிவிட்டான். பின்னாலிருந்த மேலத் தெருப் பையன், "தலையைக் கொஞ்சம் இறக்குப்பா, படம் மறைக்குது" என்றான். அவ்வளவுதான். அதட்டல் இல்லை, வசவு இல்லை. பகலில் அதே பையன் வரும் வழியில் நாங்கள் ஒதுங்கி நிற்க வேண்டும். இரவில் அவன் எங்களிடம் கேட்டுக்கொண்டான். ஒரு சாண் மணல்தான். ஆயினும் ஊரில் வேறெங்கும் எங்களுக்கு அந்த உயரம் கிடைத்ததில்லை.

பெண் பக்கத்தில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். அப்போது நான் தாயோடு அமரும் வயதினன். கைக்குழந்தையான என் தங்கை ஓயாமல் அழுதாள். பக்கத்திலிருந்த ஓர் அம்மையார், "இப்படிக் கொடு, நீ படத்தைப் பார்" என்று குழந்தையை வாங்கித் தம் மடியில் போட்டுத் தட்டினார், குழந்தையும் உறங்கிவிட்டது. ஒரு சுருள் முடிந்தது, விளக்கு எரிந்தது. அந்த அம்மையார் என் தாயின் முகத்தையும் சேலையையும் பார்த்து, "எந்தத் தெரு?" என்று கேட்டார். என் தாய் சொன்னார். அவர் ஒன்றும் பேசவில்லை. குழந்தையைத் திரும்பக் கொடுத்துவிட்டார்.

அன்பர்களே, கொட்டகையின் பெருமையும் குறையும் இந்த ஒரு நிகழ்ச்சியில் அடங்கியிருக்கின்றன. இருட்டு அந்தக் கேள்வியைத் தள்ளி வைத்தது, அழிக்கவில்லை. டூரிங் கொட்டகைகளில் படம் காட்டும் கருவி பெரும்பாலும் ஒன்றே இருந்தது. ஒரு சுருள் ஓடி முடிந்ததும் விளக்கைப் போட்டு, அடுத்த சுருளை மாட்ட வேண்டும். ஆகவே ஓர் ஆட்டத்துக்கு மூன்று நான்கு இடைவேளைகள். ஒவ்வோர் இடைவேளையிலும் எல்லாரும் வெளியே உள்ள தேநீர்க் கடைக்குச் செல்வார்கள். அங்கே நமக்குத் தனிக் குவளை; குடித்துவிட்டு நாமே கழுவிக் கவிழ்த்து வைக்க வேண்டும். உள்ளே அருகருகே அமர்ந்தவர்கள் வெளியே வந்ததும் இரு வரிசையாக நின்றார்கள். மணியடித்ததும் உள்ளே சென்று மறுபடியும் அருகருகே அமர்ந்தார்கள். படம் ஓடும்போது இல்லாத சாதி, இடைவேளைதோறும் வந்து போயிற்று.

எல்லா ஊரிலும் கொட்டகைக்குள்ளாவது சமத்துவம் இருந்தது என்றும் சொல்லிவிட முடியாது. நகரத்தில் முகம் தெரியாது. கிராமத்தில் ஒவ்வொரு முகமும் தெரியும். அதனால்தான் காசை மட்டும் நம்பாமல் சட்டத்தையும் நாட வேண்டியிருந்தது. 1950-இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பின் 15-ஆம் பிரிவு, கடைகள், உணவு விடுதிகள் ஆகியவற்றோடு பொதுக் கேளிக்கை இடங்களையும் பெயர் குறித்துச் சொல்லி, அங்கே நுழைய எந்தக் குடிமகனுக்கும் சாதியின் பேரால் தடை கூடாது என்கிறது. 17-ஆம் பிரிவு தீண்டாமையையே ஒழித்தது. 1955-இல் வந்த தீண்டாமைக் குற்றங்கள் சட்டம், அத்தகைய தடையைத் தண்டனைக்குரிய குற்றமாக்கிற்று. 1976-இல் அச்சட்டம் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்ற பெயர் பெற்று மேலும் கடுமையாயிற்று. அண்ணல் அம்பேத்கர் தலைமையில் வரையப்பட்ட அரசியலமைப்பில் உணவு விடுதியும் கேளிக்கை இடமும் ஒரே வரியில் அமைந்திருப்பதை எண்ணிப் பாருங்கள். கொட்டகையின் உள்ளும், கொட்டகை வாசலில் இருந்த தேநீர்க் கடையும் சட்டத்தின் முன் ஒன்றே.

கொட்டகை நம் கல்விக்கும் ஒரு கைத்தொண்டு செய்தது. சுவரொட்டியின் கொட்டை எழுத்துகளைக் கூட்டிக் கூட்டிப் படித்தே எழுத்தறிந்தவர்கள் நம் தெருவில் உண்டு. பாட்டுப் புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்கி, படிக்கத் தெரிந்த ஒரு சிறுவனை நடுவில் உட்கார வைத்து, சுற்றியிருந்து பாடம் கேட்ட பெரியவர்களை நான் பார்த்திருக்கிறேன். நம் தெருக்களுக்கு வந்த முதல் நூலகம் அதுவே என்றால் மிகையாகாது. படித்தவன் சொல்லுக்கு மதிப்புண்டு என்பதை அந்தச் சிறுவன் பெற்ற உபசாரமே மற்றச் சிறுவர்களுக்கு உணர்த்திற்று.

இன்று அந்தக் கட்டடங்கள் எங்கே? டூரிங் கொட்டகைகள் அநேகமாய் மறைந்துவிட்டன; அவை நின்ற இடத்தை அடையாளம் காட்டவும் ஆளில்லை. 1952 தீபாவளியன்று 'பராசக்தி' படத்தோடு தொடங்கிய மதுரைத் தங்கம் திரையரங்கு, ஏறத்தாழ 2,500 பேர் அமரத்தக்கது. ஆசியாவிலேயே பெரியது என்று பேர் வாங்கியது. அது இடிக்கப்பட்டு, அங்கே வணிக மாளிகை எழுந்துவிட்டது. வின்சென்ட் கட்டிய வெரைட்டி ஹாலும் பிற்காலத்தில் 'டிலைட்' என்ற பெயரோடு ஓடி ஓய்ந்தது. அதன் பழைய பெயர் கோவையில் ஒரு சாலையின் பெயராக வாழ்கிறது. ஆனால் சென்னையின் பழைய 'எலெக்ட்ரிக் தியேட்டர்' கட்டடம் மட்டும் அண்ணா சாலை அஞ்சலக வளாகத்தில் அஞ்சல்தலைப் பிரிவாக நிலைத்தது. தனியார் கையிலிருந்தவை இலாபம் நின்றதும் வீழ்ந்தன. பொதுக் கைக்கு வந்தது நின்றது. இதை நம் கழகத்தார் மனத்திற்கொள்ள வேண்டும்.

கட்டடம் மறைந்ததுபோல் அந்தப் பழைய கேள்வியும் மறைந்துவிட்டதா? 2023 மார்ச் மாதத்தில் சென்னை நகரின் ஒரு திரையரங்கில், டிக்கெட்டைக் கையில் வைத்திருந்த நரிக்குறவர் குடும்பத்தாரை வாயிலில் நிறுத்தினார்கள். அக்காட்சி நாடெங்கும் பரவிக் கண்டனம் எழுந்த பின்னரே அவர்கள் படம் பார்த்தது தெரியவந்தது. குழந்தைகளின் வயதைக் காரணமாகக் கூறினார் அரங்கத்தார். அந்த விளக்கத்தை நாடு ஏற்கவில்லை. நம் பாட்டன் காலத்தில் காசு கொடுத்தால் கதவு திறந்தது. இவர்கள் காசு கொடுத்தும் கதவு திறக்கவில்லை. அதற்கும் சில மாதங்களுக்கு முன், 2022 டிசம்பரில், நம் மாவட்டத்து வேங்கைவயலில் தாழ்த்தப்பட்ட மக்களின் குடிநீர்த் தொட்டி மலம் கலந்து கெடுக்கப்பட்ட கொடுமை வெளியாயிற்று. அதை விசாரிக்கச் சென்ற அதிகாரிகள் முன்னிலையில், அப்பகுதித் தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை இருப்பதும், ஐயனார் கோயிலுக்குள் நம் மக்கள் நுழைய முடியாதிருப்பதும் தெரியவந்தன. மாவட்ட ஆட்சியரே அவர்களைக் கோயிலுக்குள் அழைத்துச் செல்ல நேர்ந்தது. என் சிறு வயது இடைவேளையில் நான் கண்ட அதே குவளை, அறுபது ஆண்டுகள் கழித்தும் கவிழ்ந்தே கிடந்திருக்கிறது!

ஆகவே நான் சொல்ல வந்த கருத்து இதுதான். காசினால் வந்த சமத்துவம் மெய்யானதே. அதை நாம் இகழ வேண்டுவதில்லை. ஆனால் அது விளக்கு எரியும் வரையில்தான். சட்டத்தால் வந்த சமத்துவம் அதைவிட வலிது. ஆனால் யாராவது சென்று முறையிட வேண்டும், முறையிடுபவனுக்குப் படிப்பும் துணிவும் வேண்டும். அந்தப் படிப்பையும் துணிவையும் தரும் இடமாகவே நம் கழகத்தின் கூரை எழுப்பப்பட்டது. இருட்டில் முகம் தெரியாததால் கிடைக்கும் இடம் நமக்குப் போதாது. வெளிச்சத்தில், "எந்தத் தெரு?" என்று கேட்டால் தலைநிமிர்ந்து நம் தெருவின் பெயரைச் சொல்லி, அமர்ந்த இடத்தை விட்டு எழாதிருக்கும் நிலை வேண்டும். கல்வியின் பயன் அதுவே.

இந்த வெள்ளி விழாவை ஒட்டி இரண்டு வேண்டுகோள்களை வைக்க விரும்புகிறேன். முதலாவது, நம் மாணவர்கள் விடுமுறை நாள்களில் குளத்தூரையும் சுற்றியுள்ள ஊர்களையும் சேர்ந்த முதியோரிடம் சென்று, எந்த ஊரில் எந்தக் கொட்டகை நின்றது, எவ்விடத்தில் அமர்ந்தார்கள், இடைவேளையில் எங்கே நின்றார்கள், பெண்கள் என்ன கண்டார்கள் என்று கேட்டு எழுதி வைக்க வேண்டும். எண்பது வயதுடையோர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் போய்விட்டால் இந்த வரலாற்றுக்குச் சான்றில்லை. அரண்மனை வரலாற்றை எழுதி வைத்தவர்கள் பலர் உண்டு. தரை டிக்கெட்டின் வரலாற்றை நாமே எழுதிக்கொண்டால்தான் உண்டு.

இரண்டாவது, நம் கழகத்தின் மண்டபத்தில் மாதம் ஒருமுறையேனும் நல்ல திரைப்படம் ஒன்றைக் கட்டணமின்றிக் காட்டுங்கள். நம் தெருவார் மட்டுமல்லாமல் எல்லாத் தெருவாரையும் அழையுங்கள். பெண்களுக்கு முன்வரிசையில் இடம் தாருங்கள். படம் முடிந்ததும் விளக்குகளை எல்லாம் ஏற்றி, வந்தோர் அனைவருக்கும் ஒரே வகைக் குவளையில் தேநீர் வழங்குங்கள். கொட்டகை உள்ளே தந்து வெளியே பறித்ததை, நம் கூரை உள்ளும் வெளியும் சேர்த்துத் தரட்டும்.

இருபத்தைந்து ஆண்டுகளாகச் செங்கல் செங்கலாக இக்கழகத்தைக் கட்டியவர்களை வணங்குகிறேன்.